நடவு மாதத்தில் ஆஜர் எடுத்தவன்

அந்த நாளில் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், ஆஜர்ப் பட்டியல் என்றுதான் சொல்லியிருப்பேன். பிள்ளைகள் அதற்கு அப்புறம்தான். வந்தவனுக்கு ஒரு கோடு, வராதவனுக்குச் சிவப்பு மையில் ஒரு சுழி. மாதக் கடைசியில் கோடுகளும் சுழிகளும் வரிசை பிசகாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும். இருபத்து மூன்று வயதில் இப்படி ஒரு கிறுக்கு இருந்தவனைத்தான் தாலுகா போர்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை உபாத்தியாயராக அனுப்பிவைத்தது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே வடகால் தண்ணீர் பாயும் ஊர். சுற்றிலும் வயல். ஊருக்குக் கிழக்கே ஆற்றங்கரையை ஒட்டிப் பனையோலை வேய்ந்த நீளக் கட்டடம். நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மேல்வகுப்புகளை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு விதவை. பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவ அம்மாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவர். ஆனால் என்னைப் போல உபாத்திமைப் பரீட்சை எழுதித் தேறியவர் இல்லை. அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஊரில் அவர் டீச்சரம்மா, நான் பெரிய வாத்தியார். வயதில் சின்னவனைப் பெரிய வாத்தியார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டது அந்த ஊர்தான்.

வேலைக்குப் போன முதல் வாரமே பட்டியலில் வம்பு வந்தது. ஒரு பையன் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். வகுப்பே சேர்ந்து சொன்னது:

"வருவான் ஐயா!"

அடுத்தவன் பெயருக்கும் அதே பதில். அதற்கடுத்தவனுக்கும் அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வராதவனை இல்லை என்று சொல்லுங்கள், வருவான் என்று எந்தப் பட்டியலில் எழுதுவது என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுபெண்ணைப் பிடித்துக்கொண்டு, "உன் அண்ணன் வந்திருக்கிறானா, இல்லையா?" என்று கேட்டேன். அவள் உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தாள்.

தட்டிக்கு அப்பாலிருந்து டீச்சரம்மா வந்தார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பைய என்னிடம் சொன்னார்: "உசிரோட இருக்கிற பிள்ளைய இல்லைன்னு சொல்லச் சொல்லுதியளே ஐயா. இங்கன அப்படிச் சொல்ல மாட்டாவ. பானையில அரிசி தீந்துட்டாக்கூட நிறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவாவ."

எனக்கும் அது தெரியாத வழக்கமில்லை. நானும் திருநெல்வேலிக்காரன்தான், என் அம்மாவும் அரிசி நிறைஞ்சிருக்கு என்று சொல்லித்தான் என்னைக் கடைக்கு அனுப்புவாள். ஆனால் அடுப்படிப் பேச்சைப் பட்டியலுக்குள் விடுவதா என்று எனக்கு வீம்பு. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தேன். பிள்ளைகள் வருவான் என்று சொல்லட்டும். நான் பாட்டுக்குச் சுழி போட்டுக்கொள்கிறேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

அதற்குள் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. எங்கோ நடக்கிற சண்டை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதலில் சுண்ணாம்புக் கட்டியின் உருவத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பெட்டி வந்துகொண்டிருந்தது நின்றுபோனது. சிலேட்டு நின்றது. கூரைக்கு ஓலை மாற்ற வேண்டும் என்று எழுதினால், நிலைமை சீரானதும் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. டீச்சரம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. வீடு வீடாகப் புளியங்கொட்டை கேட்டு வாங்கினார். தரையில் தானே மணல் பரப்பி எழுத்தை விரலால் எழுதுவார். பிள்ளைகள் அதன் மேல் கொட்டையை அடுக்கும். அடுக்கி முடித்தால் எழுத்து வந்துவிடும். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டி அனுப்பாத போர்டுக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதத்தில் ஓர் உத்தரவு வந்தது. பணமுடையை முன்னிட்டு, வருஷ சராசரி ஆஜர் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறைந்த பள்ளிகளில் இனி ஒரே உபாத்தியாயர்தான் இருக்கலாம். இரண்டாவது வேலை எடுக்கப்படும். எங்கள் சராசரி அந்த எண்ணிக்கைக்கு மூன்று பிள்ளைகள் குறைவு.

அதை டீச்சரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொட்டைகளைப் பொறுக்கி ஓலைக் கொட்டானில் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"பிள்ளைய ரெண்டும் பாளையங்கோட்டையில இருக்கு ஐயா. மூத்தவ இன்னும் ரெண்டு வருசம் படிச்சாப் போதும், அவளும் டீச்சராயிருவா. இந்த வேலை போச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துரணும். வந்தா வயக்காடுதான்."

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை. நான்தான் உத்தரவைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்று பிள்ளைகளை எங்கே போய்ப் பிடிப்பது?

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. ஐப்பசி என்றால் பிசான நடவு, வருஷத்தின் இரண்டாம் போகம். பெரிய பையன்கள் நாற்றுக்கட்டு சுமக்கப் போவார்கள். பெண் பிள்ளைகள் தாய்மார் நடவுக்குப் போனதும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் பாதிகூட இருக்காது. பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். ஆனியில் கார் நடவு, சுழி, புரட்டாசியில் கார் அறுப்பு, சுழி, ஐப்பசி, சுழி, மாசியில் பிசான அறுப்பு, மறுபடி சுழி. நான் சிவப்பு மையில் அழகழகாகப் போட்ட சுழிகள்தான் அந்த அம்மாள் வேலைக்கு உலை வைத்திருந்தன.

அப்போதுதான் என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய்க்குத் துணிந்தேன். அவரைக் கூப்பிட்டு, "சுழிகளில் கொஞ்சத்தைக் கோடாக்கிவிடுகிறேன் அம்மா. பட்டியலைப் புதிதாகவே எழுதிவிடலாம். யாருக்கும் தெரியாது" என்றேன். நன்றி சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வேண்டாம் ஐயா" என்றார்.

"ஏன், பயமா?"

"பயம் இல்லாம இருக்குமா? ஆனா அதுக்கில்ல. வராத பிள்ளைய வந்ததா எழுதிட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளைய யாரு தேடுவா? நீங்களும் தேட மாட்டிய, நானும் தேட மாட்டேன். காயிதத்துலதான் வந்துருச்சே."

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்காகத்தானே சொன்னேன் என்று முணுமுணுத்துவிட்டுத் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. உதவி செய்யப் போனவனை மதிக்கவில்லையே என்ற கோபம்.

இன்ஸ்பெக்டர் மழைநாளில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு, மூக்கில் சளி; நாங்குநேரிப் பக்கத்துப் பெரியவர். தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரு செம்பு வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, பட்டியலைக் கையில் எடுத்தார். ஆஜரை அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

"வருவான் ஐயா!"

அடுத்த பெயர். "வருவான் ஐயா!" அதற்கடுத்தது. "வருவா ஐயா!" நான் நெளிந்தேன். பத்துப் பன்னிரண்டு பெயர் இப்படியே போனது. அவர் பட்டியலை மடியில் வைத்துவிட்டு, முன்னால் இருந்த பொடியனைப் பார்த்துக் கேட்டார்:

"எப்பம்லே வருவான்?"

"நடவு முடிஞ்சா வருவான் ஐயா."

"அவன்?"

"அவனும் நடவு முடிஞ்சாத்தான் ஐயா. அவங்க அம்மா மேல வயல்ல நடுதா. தம்பிய அவந்தான் பாத்துக்கிடுதான்."

"இந்தப் பிள்ளை?"

"அதுக்கு ஒரு வாரம் ஆவும் ஐயா. அவிய வயல் பள்ளத்துல கெடக்கு, தண்ணி வடியணும்."

ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பிள்ளைகளிடம் ஒரு நாள் இருந்தது, ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருஷமாக ஒருநாள் தவறாமல் அந்தப் பதிலைக் கேட்டுவந்தவன் நான். எப்பம் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

அவர் என் பக்கம் திரும்பினார். "கோடையில எத்தன நாள் வே பள்ளிக்கூடத்த மூடுதீரு?"

"சித்திரை பிறந்ததும் மூடி வைகாசி முழுவதும் விடுமுறைதான் ஐயா."

"அப்பம் இந்தப் பிள்ளையளுக்கு வயல்ல என்ன வேலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முந்திக்கொண்டது. "ஒரு வேலையும் கெடையாது ஐயா! ஆத்துலதான் கெடப்போம்!"

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. "வெளையாட்டா இருக்கு வே. பிள்ளைய சும்மா கெடக்கும்போது பள்ளிக்கூடத்தப் பூட்டுதீரு. வயல்ல நிக்கும்போது பேரக் கூப்பிடுதீரு. கிராமப் பள்ளிக்கூடத்துக்கு லீவு எப்பம்னு தலைமை உபாத்தியாயர்தான் எழுதிக் கேக்கணும். அறுப்புக்கு இத்தன நாள், நடவுக்கு இத்தன நாள்னு கேட்டா மறுக்கவா போறாவ? பூட்டுன நாளு சராசரியில சேராதுல்லா? பாளையங்கோட்டையில கோடைக்கு லீவுன்னா இங்கனயும் கோடைக்குத்தானா?"

நான் படித்த பள்ளிக்கூடத்தில் கோடையில் லீவு. ஆகவே உலகத்திலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கோடையில்தான் லீவு என்று நினைத்திருந்தேன். அதைவிட உண்மையான காரணம் ஒன்று உண்டு. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் குடும்பம் வைக்க வீடு கிடைக்காததால் மனைவி திருநெல்வேலியில் என் பெற்றோருடன் இருந்தாள். கோடை இரண்டு மாதமும் வீட்டுச் சோறு, மாம்பழம், மனைவி. அந்த விடுமுறை யாருக்காக என்று யாராவது கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு டீச்சரம்மாவிடம் கேட்டேன்: "இது உங்களுக்கு முன்னமே தோன்றவில்லையா?"

"போன வருசமே சொன்னேனே ஐயா. கோடையில பிள்ளைய சும்மாத்தான் திரியுது, பள்ளிக்கூடத்தத் தொறந்து வைக்கலாமான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கடுதாசி எழுதிக்கிட்டே, ஆமா, வெயில் சாஸ்திதான்னிய."

இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

இன்ஸ்பெக்டர் பெரிய அதிகாரி இல்லை. உத்தரவை மாற்ற அவரால் முடியாது. ஆனால் புதிய விடுமுறைத் திட்டத்தோடு வைகாசி வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதினார். போர்டும் அதற்கு ஒப்புக்கொண்டது. டீச்சரம்மாவுக்கு ஏழு மாதம் கிடைத்தது.

நடவு முடியும்வரை பூட்டினோம். மாசி அறுப்புக்கும் பூட்டினோம். சித்திரையில் திறந்தோம். ஊர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. லீவு நாளில் பள்ளிக்கூடம் வைக்கிறவனைப் பார்த்துத் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஒரு அம்மாள், "பெரிய வாத்தியாருக்கு வீட்டுல சண்டை போல" என்று என் காதுபடவே சொன்னாள். சண்டைதான் வரவில்லை. விஷயத்தை எழுதியதற்கு என் மனைவி, "நடவுக்கு லீவு என்றால் நானும் நாற்று நடப் பழகிக்கொள்கிறேன்; அப்போதாவது உங்களைப் பார்க்கலாம்" என்று பதில் போட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரம்மா விடிந்ததும் தெருத் தெருவாகப் போவார். "ஏலே, எந்திரிலே. மொகத்தக் கழுவிட்டு வா. அங்கன மத்த பிள்ளைய எல்லாம் வந்தாச்சு" என்று ஒவ்வொரு வாசலிலும் குரல் கொடுப்பார். உண்மையில் அங்கே ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அந்தப் பொய்க்கு மட்டும் அவர் அஞ்சவில்லை. பிள்ளைகள் வந்தன. பட்டியலில் கோடு கோடாக விழுந்தது.

கூரையில் ஓலை இற்றுப்போய் வெயில் நேராக உள்ளே விழுந்ததால் வகுப்பை ஆற்றங்கரை மருத மரங்களுக்கு அடியில் கொண்டுபோனோம். போர்டு தராத ஓலையைப் பிறகு ஊரே தந்தது; பனையேறுகிற இரண்டு தகப்பன்மார் ஒரு வாரத்தில் கூரையை வேய்ந்து கொடுத்தார்கள். ஆனால் அந்த ஒரு வாரம் மரத்தடியில் எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டி இல்லை. அவர் பாடம் நடத்துவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு பயலுக்கு ழகரம் எழுத வரவில்லை. சுழித்த இடத்திலேயே சுழித்துக்கொண்டிருந்தான். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவர், "களத்துல மாடு எப்படிலே சுத்தும்? சுத்திட்டு எங்க போவும்? அங்க கொண்டுபோ விரல" என்றார். அவன் விரலும் அப்படியே சுற்றி இறங்கிற்று. மூன்றாம் நாள் பார்க்கிறேன், என் வகுப்பில் பாதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. என் பூகோளத்தைவிட அந்த ழகரம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வைகாசிக் கடைசியில் கணக்கெடுத்தால் சராசரி உத்தரவில் சொன்னதைத் தாண்டியிருந்தது. ஊரே கூடிச் சந்தோஷப்பட்டது. நான் பட்டியலைத் தலையில் வைத்துக் கூத்தாடாத குறை.

ஆனியில் பதில் வந்தது. இரண்டு உபாத்தியாயர்களும் இருக்கலாம். ஆனால் சண்டைக்காலச் சிக்கனத்தை முன்னிட்டு இரண்டு இடமும் குறைந்த சம்பளத்து இடங்களாக இருக்க வேண்டும். தேறிய தலைமை உபாத்தியாயரை ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றலாம். இங்கே பொறுப்பை இரண்டாவது உபாத்தியாயினி ஏற்கலாம். அவருக்குத் துணையாக ஒரு புதியவர் அனுப்பப்படுவார்.

எனக்குத் தலைகால் புரியாத ஆத்திரம். கோடையைத் தொலைத்தவன் நான், மனைவியைப் பிரிந்து கிடந்தவன் நான், என்னைத் தூக்கி உப்புக்காற்றுக்கு எறிகிறார்களா? ஸ்ரீவைகுண்டத்துக்கு நடந்தே போய் போர்டு குமாஸ்தாவைப் பிடித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்பீல் போடும் வே, கேப்பாவ. நீரு அங்கனயே இருக்கிறதுனால பள்ளிக்கூடத்துக்கு என்ன பிரயோசனம்னு வெவரமா எழுதும். ஆனா ஒண்ணு. உம்ம சம்பளத்தையும் கொடுத்து ரெண்டாவது ஆளையும் வைக்கப் பணம் கெடையாது. நீரு நின்னா அந்த அம்மா போவணும்."

அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மறைக்கப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத பள்ளிக்கூடத்தில், புதிய ஓலை வாசனையில், மேலே என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். கீழே பிரயோசனங்களை அடுக்க ஆரம்பித்தேன். வராத பிள்ளைகளை அவரவர் வாசலுக்கே போய் அழைத்து வந்தது. சாமான் இல்லாத காலத்தில் புளியங்கொட்டையையும் மணலையும் வைத்து எழுத்து வரவழைத்தது. வயல்வேலையை அனுசரித்துக் கோடையில் பள்ளி நடத்த யோசனை சொன்னது. தாய்மாருடைய நம்பிக்கையைச் சம்பாதித்தது. பட்டியலில் பொய் எழுதச் சந்தர்ப்பம் இருந்தும் எழுத விடாதது. நல்ல நடையில் மளமளவென்று எழுதிக்கொண்டே போனேன். முடித்து, மை உலர்வதற்காகக் காத்திருந்து, ஒருமுறை வாசித்தேன்.

இரண்டாவது முறையும் வாசித்தேன். அதில் நான் செய்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை.

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, பக்கத்தில் யாரும் இல்லாததால் அடக்கவில்லை. பிறகு மேலே இருந்த என் பெயரை அடித்துவிட்டு அந்த அம்மாளுடைய பெயரை எழுதினேன். தலைப்பில் அப்பீல் என்ற சொல்லை நற்சாட்சி என்று மாற்றினேன். வேறு ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. மறுநாள் தபாலில் சேர்த்தேன். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் அந்த வருஷமும் பாளையங்கோட்டையிலேயே படித்தார்கள்.